‘அண்ணாச்சி இல்லையா?’ என்று கேட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு

அம்பாசமுத்திரத்தில் மெடிக்கல் வைத்திருக்கிறோம். டி.பார்ம் படித்தது நான். லைசென்ஸும் என் பெயரில்தான் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. ஆனாலும் கடைக்கு வருகிற ஆண்களில் சிலர் என்னைப் பார்த்ததும் அலமாரியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி இல்லையா?” என்பார்கள். இல்லை என்று சொன்னால் இரண்டு ரூபாய்க்கு இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அண்ணாச்சி என்பது என் வீட்டுக்காரர். அவருக்குப் பில் போடத்தான் தெரியும். அவர் இருக்கும்போது வந்தால் அவர் காதில் சொல்வார்கள். அவர் உள்ளே வந்து என் காதில் சொல்வார்.

கல்லிடைக்குறிச்சிக்காரர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி எங்கள் கடைக்கு வருகிறார். எங்கள் தெருக்காரர் அதே பாலத்தைத் தாண்டி அங்கே போகிறார். நடுப்பாலத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தால் என்ன பேசிக்கொள்வார்களோ.

வயாகரா சமாச்சாரம்தான். விறைப்புக் குறைவு என்று நேராகச் சொல்லலாம், தப்பில்லை. சுவர் விளம்பரக்காரர்கள் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று எழுதி எழுதி, நிஜமாகவே கை நடுங்குகிறவர்கூட அந்த வார்த்தையைச் சொல்லக் கூசுகிற நிலைமை ஆகிவிட்டது. கூச்சம் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் கூச்சத்தில் எதை மறைக்கிறீர்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். அறுபதை ஒட்டிய ஒருவர், தோளில் துண்டு, வெளுத்த சட்டை. ஒரு காகிதத்தை மடித்து நீட்டினார். ‘சில்டெனாஃபில் 100’ என்று யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். வயாகராவின் மருந்துப் பெயர் அது. டாக்டர் சீட்டு இல்லை. “சிநேகிதருக்கு” என்றார். இந்த மாத்திரையை யாரும் தனக்கென்று வாங்கியதில்லை, எல்லாம் சிநேகிதருக்குத்தான். பணம் எடுக்கச் சட்டைப்பையில் கைவிட்டார். நூறு ரூபாய் நோட்டோடு நறுக்கிய அட்டைத் துண்டு ஒன்று கண்ணாடி மேல் விழுந்தது. பொடிசாக நாலு மாத்திரை. சார்பிட்ரேட்.

“இதுவும் சிநேகிதருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நெஞ்சுல லேசா பிடிச்சா நாக்குக்கு அடியில வைக்கச் சொல்லிருக்காவ” என்றார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். அன்றைக்கு அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மாத்திரை என்ன செய்கிறது

எங்கள் அப்பாவுக்கு நதியுண்ணிக் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல் இருந்தது. மடையைத் திறக்க ஓர் ஆள், முறை முடிந்ததும் வந்து அடைக்க ஓர் ஆள். உடம்பிலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆசை எழும்போது மூளையிலிருந்து நரம்பு வழியாகச் செய்தி ஆணுறுப்புக்குப் போகிறது. நரம்பு முனைகள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகின்றன. அது அங்கே இருக்கிற தசைக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளை உண்டாக்குகிறது. தசை தளர்கிறது, மடை திறந்துவிட்டது. பஞ்சு மாதிரி இருக்கிற இரண்டு அறைகளுக்குள் ரத்தம் பாய்ந்து நிறைகிறது. நிறைந்து விரியும்போது ரத்தம் வெளியேறுகிற குழாய்கள் நசுங்கி அடைபடுகின்றன. விறைப்பு அதுதான்.

அடைக்கிற ஆள் ஒரு நொதி, பெயர் பிடிஇ-5. சைக்ளிக் ஜிஎம்பியைச் சிதைத்துச் சிதைத்து மடையை மூடிக்கொண்டே இருப்பது அதன் வேலை. சில்டெனாஃபில், டாடலாஃபில், வார்டெனாஃபில், அவனாஃபில் எல்லாமே இந்த அடைக்கிற ஆளின் கையைக் கட்டுகிற மாத்திரைகள். மடையைத் திறப்பது இவற்றின் வேலை இல்லை. ஆசையும் தொடுதலும் இல்லாமல் மாத்திரையைப் போட்டுவிட்டு மேற்கூரையைப் பார்த்துப் படுத்திருந்தால் ஒன்றும் நடக்காது. நாள்பட்ட சர்க்கரையில் நரம்பு கெட்டிருந்தால் திறக்கச் சொல்லும் செய்தியே சரியாகப் போய்ச் சேராது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிந்திருந்தால், தூர்ந்த வாய்க்காலில் மடையைத் திறந்த கதைதான். ஆசையைக் கூட்டுவது, உறுப்பின் அளவைக் கூட்டுவது, குழந்தை பிறக்க வைப்பது, இதெல்லாம் மாத்திரையின் கணக்கில் கிடையாது.

சில்டெனாஃபிலை இங்கிலாந்தில் ஃபைசர் கம்பெனிக்காரர்கள் முதலில் சோதித்தது நெஞ்சுவலிக்காக. அதற்குப் பெரிதாக உதவவில்லை. சோதனைக்கு வந்த ஆண்கள் வேறு ஒரு பலனைச் சொன்னார்கள். 1998 மார்ச்சில் அமெரிக்காவில் வயாகரா என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. ரத்த ஓட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடு செய்தி சொல்கிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்கு அதே வருஷம்தான் நோபல் பரிசு.

இது ‘அந்த’ விஷயத்துக்கு மட்டுமான மருந்தும் இல்லை. ஒரு தடவை இளவயது அப்பா ஒருவர், ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி சீட்டோடு வந்தவர், மருந்தின் பெயரைப் போனில் தேடிப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் நின்றார். “என்ன மதினி, நாலு மாசப் பிள்ளைக்கு இதைப் போயி எழுதிருக்காவ!” நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாயில் அழுத்தம் கூடினால் அதைக் குறைக்கவும் இதே சில்டெனாஃபில்தான். பச்சைப் பிள்ளைக்கும் கொடுப்பார்கள், பெண்களுக்கும் கொடுப்பார்கள். அவருக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று.

சேரக் கூடாத சோடி

சார்பிட்ரேட்காரருக்கு வருகிறேன். சார்பிட்ரேட் என்பது நைட்ரேட் வகை. உடம்புக்குள் போய் அதே நைட்ரிக் ஆக்சைடாக மாறி, உடம்பு முழுக்க இருக்கிற மடைகளைத் திறக்கும். மேலே இந்த மாத்திரையையும் போட்டால், திறந்ததை அடைக்க ஆளில்லை. ரத்த அழுத்தம் கிணற்றில் கல் விழுந்த மாதிரி இறங்கும். ஏற்கெனவே அடைப்பு இருக்கிற இதயத்துக்கு அப்போது ரத்தம் எங்கிருந்து வரும்? அளவைக் குறைத்துப் போடலாமா, பாதி போடலாமா என்று கேட்காதீர்கள். இரண்டும் சேரவே கூடாது.

உங்கள் அட்டையில் ஐசோசார்பைடு டைநைட்ரேட், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், நைட்ரோகிளிசரின் என்ற பெயர்களில் எது இருந்தாலும் இதே கதைதான். நாக்கடி மாத்திரை, ஸ்ப்ரே, நெஞ்சில் ஒட்டுகிற பட்டை எல்லாம் இதில் சேர்த்தி. நிக்கோராண்டில் என்று இருந்தாலும் அப்படித்தான். பெயரைப் படிக்கத் தெரியவில்லை என்றால் அட்டையை அப்படியே கொண்டுவாருங்கள்.

இன்னொரு கோணமும் இருக்கிறது, யாரும் யோசிப்பதில்லை. ஒருவர் வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை போட்டிருக்கிறார். ராத்திரி நெஞ்சு வலிக்கிறது. மனைவி பதறிப்போய், மாமனாரின் டப்பாவில் இருக்கிற சார்பிட்ரேட்டை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்துவிடுகிறாள். பாசத்தில் செய்கிற காரியம்தான். அவளுக்கு எப்படித் தெரியும்? ஆகையால் வேறு யாரிடம் மறைத்தாலும் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். நெஞ்சு வலித்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிறவரிடமும் ஆஸ்பத்திரி டாக்டரிடமும் முதல் வார்த்தையாக, இன்ன மாத்திரை, இத்தனை மணிக்குப் போட்டேன் என்று சொல்லுங்கள். சில்டெனாஃபில் போட்டு 24 மணி நேரத்துக்குள்ளும், டாடலாஃபில் போட்டு 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் கொடுக்கக் கூடாது. டாக்டர் அதற்கேற்ப வேறு மருந்து பார்ப்பார்.

கடைக்கு வருவதற்கு முன்

வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். எல்லாம் என்றால் எல்லாமும். பிரஷர் மாத்திரை போடுகிறவர்களில் பலருக்கு இதைத் தரலாம், ஆனால் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூத்திரம் சொட்டுச் சொட்டாகப் போகிறது என்று பெரியவர்கள் போடுகிற டாம்சுலோசின் வகை மாத்திரைகளோடு சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது கண் இருட்டிக் கீழே விழலாம். ராத்திரி பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டால் அது பெரிய பாடு. இரண்டும் வேண்டியிருந்தால் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள்.

படர்தாமரைக்குப் போடுகிற மாத்திரையை யாருமே சொல்வதில்லை. நம் பக்கத்து வேர்வைக்கு இட்ராகோனசோல் வாரக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் நிறைய. தோலுக்குத்தானே என்று நினைப்பார்கள். அது ஈரல் இந்த மாத்திரையைக் கரைத்து வெளியேற்றுவதைத் தடுத்துவிடும். நீங்கள் போட்டது 50 மில்லிகிராம், உடம்பில் நிற்பது அதைவிட ரொம்பக் கூட. கீட்டோகோனசோல், கிளாரித்ரோமைசின், எச்ஐவிக்குக் கொடுக்கிற ரிட்டோனவிர் எல்லாம் இதே குணம்தான்.

சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கண் திரையில் பரம்பரைக் கோளாறு இருப்பவர்கள், ஏற்கெனவே ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போனவர்கள், ஈரல் கெட்டவர்கள், இவர்கள் எல்லாம் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த உழைப்பையே இதயம் தாங்குமா என்பது தனிக் கேள்வி. இரண்டு மாடிப் படியை மூச்சு வாங்காமல், நெஞ்சு பிடிக்காமல் ஏற முடிகிறதா என்று டாக்டர்கள் கேட்பது அதற்காகத்தான்.

அப்புறம், இது ஷெட்யூல் எச் மருந்து. சீட்டில்லாமல் நான் தர மாட்டேன். தருகிற கடை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நீங்கள் சொல்ல வேண்டாம்.

எப்படிப் போடுவது

சில்டெனாஃபில் 25, 50, 100 மில்லிகிராம் என்று வருகிறது. பெரும்பாலும் 50-இல் ஆரம்பிப்பார்கள். 65 வயது தாண்டியவர்களுக்கும், ஈரலோ சிறுநீரகமோ சரியில்லாதவர்களுக்கும் 25. தேவைக்கு ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். நாலு மணி நேரம்வரை உதவும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது.

ஆவணி மாதக் கல்யாணம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு 27 வயது, ஒரு நோயும் இல்லை, பயம் மட்டும்தான். சிநேகிதன் ஒருவன் எங்கேயோ வாங்கிக் கொடுத்திருக்கிறான். மறுவீட்டுக்குப் போன இடத்தில் சொதிச் சாப்பாடு. மூன்று தேங்காய்ப் பாலும் இறங்கின சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். மாமியார் கையால் மூன்று தடவை ஊற்றியாயிற்று. அதற்குமேல் மாத்திரையைப் போட்டிருக்கிறான். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்கு மேல் போட்டால் சில்டெனாஃபில் வேலை செய்ய ஒரு மணி நேரம் கூடுதலாகும், வீரியமும் குறையும். பையனுக்கு அது தெரியவில்லை. வேலை செய்யவில்லை என்று இரண்டாவதையும் போட்டுவிட்டான். சாயங்காலம் இரண்டும் சேர்ந்து ஏறி, முகம் செக்கச் சிவந்து, தலை வெடிக்க, மூக்கடைத்து, மாமனார் வீட்டுத் திண்ணையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். காய்ச்சல் என்று நினைத்து ஆச்சி சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாளாம். தலைவலி மாத்திரை வாங்க வந்த சிநேகிதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அளவை இரண்டு மடங்காக்கினால் பலன் இரண்டு மடங்காகாது. தலைவலிதான் ஆகும்.

டாடலாஃபிலுக்குச் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது. 36 மணி நேரம்வரை உதவும். அதற்காக அவ்வளவு நேரமும் விறைத்தே இருக்கும் என்று பயப்படாதீர்கள். அந்த நேரத்துக்குள் ஆசை வந்தால் உதவ மருந்து உடம்பில் இருக்கிறது, அவ்வளவுதான். தேவைக்குப் போட 10, 20 மில்லிகிராம், தினமும் போட 5 மில்லிகிராம். அந்த 5-ஐப் பிராஸ்டேட் வீக்கத்துக்கும் எழுதுவார்கள். ஆக, பெரியவர் ஒருவர் மூத்திரத்துக்கென்று வாங்கிப் போட்டுக்கொண்டே, சிநேகிதர் கொடுத்த வயாகராவையும் போடலாம். இரண்டும் ஒரே சாதி. சேர்க்கக் கூடாது.

முதல் தடவை சரியாக வேலை செய்யவில்லை என்றால் மருந்தைத் திட்டாதீர்கள். சாப்பாடு, பயம், அவசரம், எதுவும் காரணமாக இருக்கும். டாஸ்மாக்கில் இரண்டு குவார்ட்டர் ஏற்றிவிட்டு இதைப் போட்டுப் பிரயோசனமில்லை. சாராயம் விறைப்பைக் கெடுக்கும், மாத்திரையோடு சேர்ந்து பிரஷரையும் இறக்கும்.

வாங்கும்போது காலாவதித் தேதி இருக்கிற பக்கத்தை நறுக்கிவிட்டு மிச்சத்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள். வாங்கியதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மனைவி கண்ணில் படக் கூடாது என்று பைக் பெட்டிக்குள் ஒளிக்காதீர்கள். சித்திரை வெயிலில் அந்தப் பெட்டி அடுப்பு.

உடம்பு சொல்வது

தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் எல்லாம் வரும், போகும். டாடலாஃபிலுக்கு முதுகும் தொடையும் மறுநாள் வலிக்கலாம். சில்டெனாஃபில் போட்டால் சிலருக்குப் பார்வையில் நீலம் பூசின மாதிரி தெரியும். கண்ணில் பிடிஇ-6 என்று அந்த நொதிக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவன் கையையும் கொஞ்சம் கட்டிவிடுவதால் வருவது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், அதுவரை வண்டி எடுக்க வேண்டாம்.

நெஞ்சுவலியை முன்னாலேயே சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று விஷயத்துக்கும் காத்திருக்கக் கூடாது. ஒரு கண்ணிலோ இரண்டிலுமோ திடீரென்று பார்வை போவது. திடீரென்று காது கேட்காமல் போவது. நாலு மணி நேரம் தாண்டியும் விறைப்பு இறங்காமல் வலிப்பது. மூன்றாவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அனுபவித்தவன் சிரிக்க மாட்டான். உள்ளே தேங்கின ரத்தத்தில் பிராணவாயு தீர்ந்து தசை செத்துப்போகும், அப்புறம் எந்த மாத்திரையும் உதவாது. ஐஸ் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று படுத்திருக்காமல் நேராகப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டுக்குப் போங்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவு திறந்திருக்கும். அங்கே இருப்பவர்கள் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் பார்த்தவர்கள்.

மூலிகை என்று வருவது

‘முதல் தேதி இந்த ஊர், இரண்டாம் தேதி அந்த ஊர்’ என்று லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்களிடம் போய் வந்த ஒருவர், தேனில் குழைக்கிற பொடி ஒன்றைக் காட்டினார். சுத்த மூலிகையாம், பக்கவிளைவே இல்லையாம். “தின்னா ஒரு மணி நேரத்துல முகம் சூடாகி மூக்கடைக்கி, ஆனா நல்லா வேலை செய்யுது மதினி” என்றார். இருபத்து நாலு வருஷம் கடையில் நிற்கிறவளுக்கு இந்த அடையாளம் போதாதா? மூலிகை என்று விற்ற பொருளில் சில்டெனாஃபிலை இடித்துக் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. என்ன கலந்தார்கள், எவ்வளவு கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூலிகைதானே என்று சார்பிட்ரேட் போடுகிறவரும் தின்பார். ஆண்மை பெருக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். சுவரில் எழுதுகிறவர்கள் சட்டமா படிக்கிறார்கள்.

அந்தப் பொடிக்காரருக்கு 43 வயது, எலக்ட்ரீசியன். ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி. சர்க்கரை பார்த்ததுண்டா என்று கேட்டேன். இல்லை. மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் 268. ஆணுறுப்புக்குப் போகிற ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடச் சிறியது. அடைப்பு வந்தால் முதலில் தெரிகிற இடம் பல பேருக்கு அதுதான், நெஞ்சுவலி சில வருஷம் கழித்து வரும். ஆகையால் சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றையும் பாருங்கள். டாக்டர் சொன்னால் காலை நேரத்தில் டெஸ்டோஸ்டிரோனும். போடுகிற மாத்திரையே காரணமாகவும் இருக்கலாம். அட்டனலால் மாதிரி சில பிரஷர் மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றுக்கு அந்தக் குணம் உண்டு. அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

சார்பிட்ரேட்காரர் அன்றைக்கு எழுந்திருக்கும்போது, “அப்போ எனக்கு வழியே இல்லையா தாயி?” என்றார். இருக்கிறது. இதய டாக்டரிடம் வெளிப்படையாகச் சொன்னால், நைட்ரேட் இன்னும் தேவையா, அதற்குப் பதில் வேறு மாத்திரை போதுமா என்று பார்ப்பார். நிறுத்துவதாக இருந்தால் அவர்தான் நிறுத்த வேண்டும். நைட்ரேட்டை விட முடியாதவர்களுக்கு, காற்றை உறிஞ்சி ரத்தத்தை வரவழைக்கிற பம்ப் ஒன்று இருக்கிறது, வெளியே வைத்துப் பயன்படுத்துவது. மூத்திரப் பாதையைப் பார்க்கிற யூராலஜி டாக்டர் சொல்லித் தருவார். அவர் அட்டைத் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்து வந்து இருமல் மிட்டாய் வாங்கினார். நான் கேட்கவில்லை. அவராகவே, “டாக்டர்ட்ட சொல்லிட்டேன்” என்றார்.

மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். சீட்டை மடித்துக் கொடுத்தால் போதும், பெயரை உரக்கச் சொல்ல மாட்டேன், பழுப்புக் காகித உறையில் போட்டுத் தருவேன். அந்த நேரத்தில் அண்ணாச்சி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.